ஆர்வியின் பிளாக் டேங்க்: காலி செய்வதும் கழுவுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். எல்லோஸ்டோனில் எதைப் பார்க்கலாம், கிராண்ட் கேன்யனில் எத்தனை நாள் தங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். ஐந்து நிமிடம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்புறம், அந்த டேங்க் விஷயம்..." என்பார்கள். டல்லாஸ் பக்கம் இருந்துகொண்டு எட்டு வருடமாக ஓர் ஆர்வியை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள டிரெய்லரை, இழுத்துக்கொண்டு சுற்றுகிறேன். ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது? அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். பெரும்பாலானவை அமெரிக்க ஆர்விகளுக்குப் பொருந்துபவை.

"ஆர்வியில டாய்லெட் போனா அது எங்கதான் போகுது?"

நேரே கீழே. வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று. சமையல் தொட்டியிலும் குளியலறையிலும் ஓடும் தண்ணீருக்கு ஒன்று, அது கிரே டேங்க். கழிப்பறைக்கு மட்டும் ஒன்று, அதுதான் பிளாக் டேங்க். சாதாரண டிரெய்லரில் பிளாக் டேங்க் 30 முதல் 40 கேலன் வரை பிடிக்கும். 40 கேலன் என்றால் ஏறக்குறைய 150 லிட்டர், நிரம்பினால் 150 கிலோ எடை.

வீட்டுக் கழிப்பறைபோல வளைந்த குழாய் இதில் கிடையாது. மிதியை அழுத்தினால் ஒரு மூடி விலகும், கழிவு செங்குத்தாகத் தொட்டிக்குள் விழும். மூடியின் மேல் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கும் ஒரே அரண். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

"டேங்கைக் காலி பண்ண ஆள் கிடைப்பாங்களா?"

முதல் கேள்விக்கு அடுத்தபடியாக வருவது எப்போதும் இதுதான். சில முகாம்களில் லாரி கொண்டுவந்து உறிஞ்சிக்கொண்டு போவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 'ஹனி வேகன்' என்று அதற்குச் செல்லப் பெயர், தேன் வண்டியாம்! ஆனால் அது எல்லா இடத்திலும் இருக்காது. நீங்களேதான் செய்ய வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் ஓய்வுபெற்ற மருத்துவராக இருப்பார், அவரும் கையுறை போட்டுக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் முதல் தடவை பார்த்துவிட்டு, "செப்டிக் டேங்க் லாரிக்காரன் வேலையெல்லாம் நீங்களே செய்யறீங்களா மாப்பிள்ளை?" என்று முகம் சுளித்தார். நம் வீட்டுக் கழிவுக்கு இன்னொருவரைத் தேடும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவரே ஹோஸைப் பிடித்துக்கொண்டார்.

"டம்ப் ஸ்டேஷன்னா என்ன? எங்க இருக்கும்?"

தரையில் மூடி போட்ட ஒரு துளை, பக்கத்தில் கழுவ ஒரு குழாய். அவ்வளவுதான். பெரும்பாலான ஆர்வி முகாம்கள், மாநிலப் பூங்காக்கள், நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்கள் சிலவற்றில் இருக்கும். தங்குபவர்களுக்குப் பொதுவாக இலவசம், வெளியாட்களிடம் கட்டணம் வாங்குவார்கள்.

'ஃபுல் ஹூக்கப்' என்று போட்டிருந்தால் உங்கள் இடத்திலேயே கழிவுத் துளை உண்டு, எங்கும் ஓட்டிப்போக வேண்டாம். தேசியப் பூங்காக்களில் இது அரிது. எல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் ஆகிய இடங்களில் உண்டு. யோசெமிட்டியின் முகாம்களில் இந்த வசதி இல்லை. பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் பக்கம் இருக்கும் டம்ப் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினோரு மணிக்கு எந்த டம்ப் ஸ்டேஷனுக்கும் போகாதீர்கள். ஊரே அங்கேதான் வரிசையில் நிற்கும்.

"சரி, படிப்படியா சொல்லுங்க. என்னென்ன செய்யணும்?"

வெளியேற்றும் வாய் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் துளைக்கு அருகே வரும்படி நிறுத்துங்கள். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வால்வுகளும் (பிளாக்குக்கு ஒன்று, கிரேவுக்கு ஒன்று) உள்ளே தள்ளி மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் வாயின் மூடியைக் கழற்ற வேண்டும். ஹோஸை வைத்துத் திருகி, இரண்டு கொக்கிகளும் பிடித்துக்கொண்டனவா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மறுமுனையைத் துளைக்குள் விட்டு, நகராதபடி கனமாக ஏதாவது வையுங்கள். ஓட்டம் ஆரம்பிக்கும்போது ஹோஸ் ஒரு துள்ளு துள்ளும். கண்ணாடிபோல உள்ளே தெரியும் 'எல்போ' (ஹோஸோடு மாட்டும் வளைந்த இணைப்பு) ஒன்று கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். என்ன போகிறது, எப்போது தெளிகிறது என்று தெரியாமல் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கழுவுவதுதான்.

முதலில் பிளாக் வால்வை மட்டும் முழுசாக, ஒரே இழுப்பில் இழுங்கள். ஓட்டம் நின்றதும் தொட்டியைக் கழுவுங்கள் (அது தனிக் கேள்வியாகக் கீழே இருக்கிறது). கழுவி முடிந்ததும் வால்வை மூடிவிட்டு கிரே வால்வைத் திறங்கள். அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். வரிசை இப்படி இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். பிளாக்கில் இருப்பது கிரேவுக்குள் ஏறி, குளியலறைத் தரைத் துளை வழியாக எட்டிப் பார்த்துவிடும்.

கிரேவையும் மூடிய பிறகு, வண்டிப் பக்கத்து முனையை முதலில் கழற்றி உயர்த்திப் பிடியுங்கள். மிச்சம் துளைக்குள் வடியும். ஹோஸைக் கழுவி, துளையைச் சுற்றிக் கழுவி, மூடிகளைப் போடுங்கள். கடைசியாக உள்ளே போய்க் கழிப்பறை வழியாக பிளாக் டேங்கில் 3 முதல் 5 கேலன் தண்ணீர் விடுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். காய்ந்த தொட்டியில் விழும் முதல் கழிவு அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

"அங்க இருக்கிற குழாயிலேயே குடிதண்ணியும் பிடிச்சுக்கலாமா?"

கூடாது, கூடவே கூடாது. அந்தக் குழாயை எத்தனை பேர் எந்தக் கையால் தொட்டார்கள், அதன் நுனியை எங்கே விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. குடிதண்ணீர் குழாய் தனியாகத் தள்ளி இருக்கும், பலகையும் வைத்திருப்பார்கள். உங்களிடமும் இரண்டு ஹோஸ்கள் இருக்க வேண்டும், வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெட்டியில். கழுவும் ஹோஸைக் குடிதண்ணீருக்கு ஒருநாளும் மாட்டாதீர்கள்.

"எப்போ காலி பண்ணணும்? தினமும் பண்ணிட்டா நல்லதுதானே?"

நல்லதில்லை. தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்ப வேண்டும். கழிவைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் எடைதான். கால்வாசி இருக்கும்போது திறந்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது தங்கிவிடும். நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று சுமாராகக் கணக்கு வையுங்கள். கட்டாயம் கிளம்ப வேண்டும், தொட்டியோ பாதிதான் இருக்கிறது என்றால், கழிப்பறை வழியாகத் தண்ணீர் விட்டு நிரப்பிவிட்டுத் திறங்கள்.

"எங்களுது ஃபுல் ஹூக்கப் சைட். வீட்டுல மாதிரி வால்வைத் திறந்தே விட்டுட்டா என்ன?"

இந்த ஒரு யோசனைதான் நான் பார்த்த ஆர்வித் தொட்டிகளை அதிகம் பாழாக்கியது. வீட்டுக் குழாய் சரிவாகப் போகிறது, ஒவ்வொரு முறையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஆர்வித் தொட்டியின் அடி கிட்டத்தட்ட சமதளம். வால்வு திறந்திருந்தால் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், மற்றது கழிப்பறைக்கு நேர் கீழே குவியும். காகிதம் அதன்மேல் படியும், காயும், இன்னும் குவியும். அமெரிக்கர்கள் இதைப் பிரமிடு என்கிறார்கள். கூம்பு வடிவத்தில் எழும்பி நிற்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் மிகையில்லை. உடைத்து எடுக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

கிரே வால்வைத் திறந்து வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பிளாக்கைக் காலி செய்வதற்கு முந்தைய நாள் மூடிவிடுங்கள். ஹோஸ் கழுவச் சோப்புத் தண்ணீர் சேர வேண்டுமே.

"நாங்க பேப்பர் இல்ல, தண்ணிதான். டேங்க் தாங்குமா?"

தாங்கும். சொல்லப்போனால் நம் பழக்கம் தொட்டிக்கு மிகவும் பிடித்தமானது. ஆர்வித் தொட்டிக்கு எமன் காகிதமும் தண்ணீர்ப் பஞ்சமும்தான். நாம் காகிதத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறோம். ஒரு பிளாஸ்டிக் சொம்போ, கழிப்பறைக் குழாயில் இணைக்கும் கைத்தெளிப்பானோ போதும். எட்டு வருடத்தில் என் தொட்டி ஒருமுறைகூட அடைக்காததற்குச் சொம்புதான் காரணம் என்று நம்புகிறேன்.

நஷ்டம் ஒன்று உண்டு. தொட்டி சீக்கிரம் நிரம்பும். ஹூக்கப் இல்லாத இடத்தில் நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால் நல்ல தண்ணீரும் தீர்ந்துபோகும். அப்போது முகாமின் பொதுக் கழிப்பறையைப் பகலில் பயன்படுத்துங்கள், வண்டியில் இருப்பதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"பேப்பர் வேணும்னா எது வாங்கணும்? வெட் வைப்ஸ் போடலாமா?"

ஒரு மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் விட்டு இரண்டு தாளைப் போட்டுக் குலுக்குங்கள். பிரிந்து கஞ்சி ஆகிவிட்டால் அது ஆகும், தாளாகவே நின்றால் ஆகாது. ஆர்விக்கென்று தனியாக விலை வைத்து விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வைப்ஸ் வேண்டவே வேண்டாம், 'ஃப்ளஷபிள்' என்று போட்டிருந்தாலும் சரி. நாப்கின், டயப்பர், பல் நூல் எல்லாம் குப்பைக்குத்தான்.

"காலி பண்ணினா போதாதா? தனியா எதுக்குக் கழுவணும்?"

சாம்பார் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் கழுவின மாதிரி ஆகிவிடுமா? சுவரில் ஒட்டியது, மூலையில் தங்கியது எல்லாம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் வெயிலில் அதுதான் நாறும்.

கழுவ மூன்று வழிகள் உண்டு. பல வண்டிகளில் வெளிப்பக்கம் 'பிளாக் டேங்க் ஃப்ளஷ்' என்று எழுதிய ஒரு குழாய் வாய் இருக்கும். கழுவும் ஹோஸை அதில் மாட்டினால் தொட்டிக்குள் இருக்கும் தெளிப்பான் சுற்றிலும் பீய்ச்சும். வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு எல்போவில் தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், கழிப்பறை வழியாக உள்ளே விட்டுச் சுற்றும் நீளமான கம்பித் தெளிப்பான் கிடைக்கும். கழிப்பறை தொட்டிக்கு நேர் மேலே இருந்தால்தான் அது உதவும். மூன்றாவது, வெளியேற்றும் வாயிலேயே மாட்டித் தண்ணீரைப் பின்னோக்கி அடிக்கும் கருவி. வாய்ப்பக்கம் படிந்ததை இது நன்றாகக் கிளப்பிவிடும்.

இவை எதுவுமே இல்லாத வாடகை வண்டி என்றால் கவலை வேண்டாம். வால்வை மூடி, கழிப்பறை வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுப் பாதிக்கு மேல் நிரப்பித் திறங்கள். இரண்டு தடவை செய்தால் போதும். எந்தக் கருவியும் செய்வது கடைசியில் இதைத்தான்: நிறையத் தண்ணீர், ஒரே வேகத்தில்.

"ஃப்ளஷ் குழாயை மாட்டிட்டு வால்வை மூடி வச்சா நல்லா ஊறுமாமே?"

ஊறும், உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம், வால்வை மூடித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரர் பேச்சுக் கொடுத்தார். பேச்சு சுவாரசியமாகப் போனது. "அப்பா, மேல மழை பெய்யுது" என்று என் பெண் கத்தின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வானம் தெளிவாக இருந்தது. தொட்டி நிரம்பி, காற்றுப் போக்கிக் குழாய் வழியாகக் கூரைக்கு ஏறி, சன்னலுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது.

கூரையோடு போனது என் அதிர்ஷ்டம். சிலருக்குக் கழிப்பறை வழியாக உள்ளேயே பொங்கும், அழுத்தத்தில் தொட்டி விரிந்தும் போகலாம். என் வண்டியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 கேலன் போகிறது. உங்களுடையதை ஒரு வாளியில் அளந்துகொண்டு, கைபேசியில் நேரம் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அப்போதும் அங்கேயே நில்லுங்கள்.

"காலி பண்ணி கழுவினதுக்கு அப்புறமும் டேங்க் அளவு காட்டற விளக்கு மூணுல ரெண்டு பங்குன்னு காட்டுதே?"

பொய் சொல்கிறது. தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் சின்ன உலோக முனைகள் பதித்திருப்பார்கள். தண்ணீர் தொட்டால் மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். ஒரு துண்டு ஈரக் காகிதம் முனையில் ஒட்டிக்கொண்டாலும் அதே விளக்கு எரியும். நன்றாகக் கழுவினால் சில சமயம் சரியாகும், சில வாரத்தில் மறுபடி பொய் சொல்லும்.

நான் அதை நம்புவதை விட்டுவிட்டேன். இரவில் மிதியை அழுத்திக் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விழும் சத்தமே மாறும். தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டும் உணரிகளும் கிடைக்கின்றன. உள்ளே கழிவைத் தொடாததால் அவை இந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை.

"என்ன மருந்து ஊத்தறது? கடையில பத்து வகை இருக்கு."

நுண்ணுயிரும் என்சைமும் சேர்ந்த வகையை வாங்குங்கள். கழிவையும் காகிதத்தையும் அவை மெல்லக் கரைக்கும். வேலை செய்யத் தண்ணீரும் கொஞ்சம் அவகாசமும் வேண்டும், கடும் குளிரில் மந்தமாகிவிடும். ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகையைத் தொடாதீர்கள். அது நாற்றத்தோடு நுண்ணுயிர்களையும் கொல்கிறது. கிராமப்புற முகாம்கள் பல செப்டிக் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன, உங்கள் மருந்து அங்கே போய் அவர்களுடைய தொட்டியைச் சாகடிக்கும். கலிபோர்னியாவில் அத்தகைய மருந்தை விற்கவே தடை.

மருந்தே ஊற்றாமல் இருக்கலாமா? தண்ணீர் தாராளமாக இருந்தால் இருக்கலாம். தண்ணீர் இல்லாத தொட்டியில் எந்த மருந்தும் எதுவும் செய்யாது.

"ஐஸ் கட்டி போட்டு வண்டியை ஓட்டினா உள்ள தேய்ச்சு சுத்தமாக்கிடுமாமே?"

அழகான கதை. ஐஸ் மிதக்கும், கரையும். அடியில் இறுகியிருப்பதைத் தேய்க்க அதற்கு வலுவும் இல்லை, நேரமும் இல்லை. பலன் கிடைத்தது என்பவர்களுக்குக் கிடைத்தது, குலுங்கிய தண்ணீரால் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு வெறும் தண்ணீரோடு நூறு மைல் ஓட்டினாலும் அதே பலன்தான்.

"பிளீச் ஊத்தலாமா? இல்ல வினிகரா?"

பிளீச் வேண்டாம். வால்விலும் கழிப்பறையிலும் இருக்கும் ரப்பரை அது கெடுக்கும். மருந்து பற்றிய பதிலில் சொன்ன நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். அதைவிட முக்கியம், தொட்டியில் சிறுநீர் இருக்கிறது. அதிலிருக்கும் அமோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். வினிகரோடு சேர்த்தாலோ குளோரின் வாயு. சின்ன அறைக்குள் குனிந்துகொண்டு அதை முகர்வது விளையாட்டு இல்லை.

சுவரில் வெள்ளையாகப் படியும் உப்புக் கறைக்கு, தொட்டியைக் காலி செய்து கழுவிய பிறகு, வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை ஓர் இரவு ஊறவிடலாம்.

"வண்டி ஓடும்போது உள்ள நாத்தம் வருதே?"

கூரை மின்விசிறி ஓடுகிறதா, சன்னல் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். ஈடுகட்ட வேறு எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும், அது தொட்டி வழியாக வரும். கழிப்பறை மின்விசிறியைப் போட்டுவிட்டு மிதியை அழுத்தினால் குப்பென்று முகத்தில் அடிப்பதும் இதனால்தான்.

அடுத்து, முதல் பதிலில் சொன்ன அந்த மூடித் தண்ணீர். அது வடிந்துபோகிறது என்றால் ரப்பர் வளையம் அழுக்காகியிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

"பிளாக் டேங்க் பளிச்னு இருக்கு. ஆனா நாறுதே!"

அது உங்கள் சமையல். கிரே டேங்கை எல்லோரும் சாதுவாக நினைக்கிறார்கள். ரசத்து அடி, சாதப் பருக்கை, தாளித்த எண்ணெய், தயிர் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு மூடிய பெட்டியில் நாற்பது டிகிரி வெயிலில் மூன்று நாள் இருந்தால் எப்படி இருக்கும்? என் அனுபவத்தில் பிளாக்கைவிட மோசம். தட்டுகளைக் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சமையல் தொட்டியின் துளையில் ஒரு சல்லடை வையுங்கள், கடுகும் கறிவேப்பிலையும் அதில் நிற்கட்டும். எண்ணெயைக் கீழே ஊற்றவே வேண்டாம்.

வண்டி பல வாரம் சும்மா நின்றிருந்தால் வேறு காரணம். சமையல் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை ஊற்றினால் தீர்ந்தது.

"வால்வைத் திறந்தா ஒண்ணுமே வரல. அடைச்சுக்கிச்சு."

கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், வால்வின் ரப்பர் கிழியும். வால்வை மூடிவிட்டு, கழிப்பறை வழியாகச் சூடான தண்ணீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தொட்டியும் குழாயும் பிளாஸ்டிக். என்சைம் மருந்தை இரண்டு மடங்கு போட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, இடையில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டுங்கள். அப்புறம் திறந்து, முன்பு சொன்ன பின்னோக்கி அடிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகும் வராவிட்டால், உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவித்தரும் ஆட்களைக் கூப்பிடுவதுதான் வழி.

"வெளி மூடியைத் திறந்ததும் ஷூ மேல கொட்டிடுச்சு. வால்வு மூடித்தான் இருந்துச்சு!"

வால்வின் தகடு முழுசாக இறங்கவில்லை. காகிதமோ மண்ணோ அதன் தடத்தில் சிக்கியிருக்கும். நன்றாகக் கழுவி, வால்வை நாலைந்து தடவை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை வாயில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம், விலை அதிகமில்லை. எப்படியும் மூடியைத் திறக்கும் முன் கீழே ஒரு பழைய பாத்திரத்தை வையுங்கள், நேர் எதிரே நிற்காதீர்கள்.

"குளிர்காலத்துல நிறுத்தி வைக்கும்போது என்ன பண்றது?"

காலி செய்து, கழுவி, இன்னொரு முறை கழுவி, மூடி வையுங்கள். உறையும் ஊர் என்றால் ஆர்விக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்பியைக் கழிப்பறை வழியாகவும் குழாய்த் துளைகள் வழியாகவும் கொஞ்சம் ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் வகை நஞ்சு, அதைத் தொடாதீர்கள்.

"பழைய ஆர்வி வாங்கப்போறோம். டேங்க் எப்படி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். கழிப்பறை மிதியை அழுத்திக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். நேர் கீழே மேடு தெரிந்தால் அதுதான் அந்தப் பிரமிடு. மேடு இல்லையென்றால், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மூடியின் மேல் அரை மணி நிற்கிறதா என்று பாருங்கள். வெளி மூடியைத் திறந்து (பாத்திரத்தோடு) சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு, வால்வை எப்போதும் திறந்து வைப்பீர்களா, மூடி வைப்பீர்களா என்று சாதாரணமாகக் கேளுங்கள். "எப்பவும் திறந்தேதான் இருக்கும், தொந்தரவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், விலையில் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.